அந்த வருஷத்துச் சர்பத்

கோட்டைப்பட்டினம் கடைத்தெருவில் சர்பத் கடை வைத்திருந்த அப்துல் மஜீதைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒரு வருஷம் நோன்பில் அவர் போட்ட சர்பத் மாதிரி இந்தக் கரையில் எவரும் போட்டதில்லை என்பது ஒன்று. அந்த வருஷத்துக்குப் பிறகு மனுஷர் அடியோடு மாறி, வாய் குறைந்து, தலை குனிந்து, பள்ளிவாசலே கதியென்று ஆகிவிட்டார் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதுதான் ஊருக்குத் தெரியாது. மஜீதின் மனைவி ரமீஜா எங்களுக்கு அடுத்த வீடு. மனசுக்குள் வைத்துப் புழுங்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் ஒரு நாள் என் உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதால் இப்போது எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் சுபாவம் அப்படி.

மஜீது நல்ல மனுஷர். அதில் சந்தேகமே வேண்டாம். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் புகழ். கடைக்கு வந்தவன் சர்பத்தைக் குடிக்கும்போது இவர் அவன் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். டம்ளரை வைத்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லாமல் போனால் முகம் தொங்கிப்போகும். 'பரவால்ல பாய்' என்று சொல்லிவிட்டுப் போனால் இன்னும் மோசம். அன்று வீட்டில் ரமீஜா என்ன ஆக்கி வைத்தாலும் அதில் உப்பு இருக்காது, உறைப்பு இருக்காது.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்கு சர்பத் அவர் பொறுப்பு. கஞ்சி ஜமாத்தில் காய்ச்சுவார்கள். சர்பத்தை மஜீது தன் செலவில் போட்டு அண்டாவில் கொண்டுவந்து இறக்குவார். நன்னாரி, எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, அறந்தாங்கியிலிருந்து மரத்தூளில் பொதிந்து பஸ்ஸில் வரும் ஐஸ். நோன்பு வைத்துக்கொண்டு போடுகிற சர்பத் என்பதால் ருசி பார்க்க வழியில்லை. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. ரமீஜா கஞ்சிக்கு அப்படித்தான் உப்புப் பார்ப்பார். மஜீது மட்டும் அதைச் செய்யமாட்டார். கையும் மூக்கும் போதும், நாக்கு எதற்கு என்பார். அதையும் சும்மா சொல்லமாட்டார். நாலு பேர் கேட்கிறபடி சொல்வார்.

அப்போது நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா. ஐம்பத்தொன்பதாம் வருஷம் என்று நினைவு. சர்க்கார் கடன் கொடுத்து மீன்பிடிக்கிற மோட்டார் படகுகள் வந்துகொண்டிருந்த காலம். அந்தப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்திக் காட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்து, கடற்கரையில் தகரக் கொட்டகை ஒன்றில் சில மாதம் தங்கியிருந்தார். பெயர் பியெத்ரோ. ஊர் அவரைப் பேதுரு துரை என்றது. வெள்ளையாக இருந்தால் துரைதான் என்று பழகிப்போயிருந்தது. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது எங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் உறைக்கவில்லை. துரைக்கு வாயாக இருந்தவர் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில் பக்கத்துக்காரர், மீன்துறையில் கிளார்க். துரை பேசுவதை அவர் தமிழில் சொல்வார், நாங்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்வார். நடுவில் அலுப்பாக இருந்தால் பாதியை விட்டுவிடுவார்.

துரைக்கு மஜீதின் சர்பத் பிடித்துப்போய்விட்டது. தினமும் நடுப்பகலில் எண்ணெய்க் கையோடு வந்து நிற்பார், குடித்துவிட்டு விரல் நுனிகளைச் சேர்த்து முத்தமிட்டுக் காட்டுவார். மஜீதுக்கு அது போதும். நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், ரமீஜாவை வட்டலப்பம் செய்யச் சொல்லி ஒரு பித்தளைச் சட்டியில் கொட்டகைக்குக் கொடுத்தனுப்பினார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. ரமீஜா கைக்கு அது தளதளவென்று வரும். துரை சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்கினாராம். தன் ஊரில் பெருநாள் விருந்து முடிந்த பிறகு முட்டையும் பாதாமும் போட்ட இனிப்பு ஒன்று வைப்பார்களென்றும், அதோடு குடிப்பதற்கென்றே ஓர் இனிப்பான பானம் உண்டென்றும், அது கறிக்குச் சேராது, பழத்துக்கும் பலகாரத்துக்கும்தான் சேரும் என்றும் ஆத்மநாதனிடம் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆலங்குடிப் பலாச்சுளையோடு அதைச் சேர்த்துப் பார்த்து, அதுவும் பொருந்துகிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

எங்கள் தெருவில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். துரை அதைக் கவனித்து வைத்திருந்திருக்கிறார். நோன்பின் கடைசிப் பத்து நாளில், வேலை முடிந்து ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், ஆத்மநாதன் அந்தப் பித்தளைச் சட்டியோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்து கடையில் வைத்தார். பெட்டிக்குள் வைக்கோலில் புதைத்த பாட்டில்கள். உள்ளே இளம்பொன் நிறத்தில் ஏதோ இருந்தது.

துரை ஊரில் விளைந்த திராட்சையாம், நன்றாகக் குளிரவைத்து இனிப்புப் பண்டத்தோடு குடிக்க வேண்டுமாம் என்று ஆத்மநாதன் சொன்னார். மஜீது, கலரா என்று கேட்டார். அந்தக் காலத்தில் சோடாக் கடையில் விற்கிற வண்ண வண்ணப் பாட்டில்களுக்கு அதுதான் பெயர். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்த ஆத்மநாதன், கலர் மாதிரிதான் பாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மஜீது அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், மனுஷர் கூப்பிடு தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் கேட்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அந்த வருஷம் வெயில் முன்னதாகவே ஏறிவிட்டது. நன்னாரி வேர் சரியாகக் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் எல்லாரும் சர்பத்தைத் தண்ணீர் மாதிரி குடித்துவிட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஜீது உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்து, கிணற்றில் இறக்கிக் குளிரவைத்திருந்த பாட்டில்களை எடுத்து முதலாவதைத் திறந்தார். தக்கை துள்ளியது, சோடா மாதிரி நுரை பொங்கியது. பூவும் பழுத்த ஆரஞ்சும் கலந்த ஒரு வாசம் கொல்லை முழுக்கப் பரவியதாம். ரமீஜாவே சொல்லியிருக்கிறார், அப்படி ஒரு வாசத்தை அதற்கு முன்னும் பின்னும் அவர் மோந்ததில்லையென்று. அந்த வாசத்துக்குப் பின்னால் லேசாக இன்னொன்றும் இருந்தது. புளித்த மாவில் வருவது. மஜீதின் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. மூடிய சாக்கில் இருக்கிற நன்னாரி எந்தப் பக்கத்துக் காட்டுடையது என்று சொல்கிற மூக்கு. அது அந்த இரண்டாவது வாசத்தையும் பிடித்துவிட்டது.

கையில் பாட்டிலோடு அவர் கொஞ்ச நேரம் நின்றார். ரமீஜா அதைப் பார்த்துவிட்டு, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்களேன், மார்க்கத்தில் இடமிருக்கிறதே என்றார். இருபது வருஷமாக இல்லாத பழக்கம் இன்றைக்கு எதற்கு என்று மஜீது சிடுசிடுத்தார். பசி மயக்கத்தில் மூக்கு எதையாவது சொல்லும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பாட்டில் பாட்டிலாக அண்டாவில் கவிழ்த்தார். மேலே சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, ஐஸ்.

அன்று மாலை பள்ளிவாசலில் நடந்ததை ஊர் இன்றும் பேசுகிறது. முதல் வாய் குடித்தவன் பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர்கள், வாலிபர்கள், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுசுகள், எல்லாரும் டம்ளரை நீட்டினார்கள். கஞ்சிச் சட்டியைச் சீந்துவாரில்லை. மோதினார் முகமது இப்ராஹிம் பாங்கு சொல்லி முடித்துவிட்டு வந்து தன் டம்ளரை எடுத்தார். பள்ளிவாசலில் தினம் ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கிறவர் அவர்தான். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கடலில் நிற்கிற வள்ளங்களுக்கும் கேட்கும். எதையும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடாத மனுஷர். அன்று ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீதியை நிதானமாகக் குடித்து முடித்து, ஒன்றும் பேசாமல் டம்ளரை மறுபடி நீட்டினார். மஜீது தன் கையாலேயே ஊற்றினார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லையாம், சந்தோஷத்தில்.

மறுநாள் காலையில் துரை ஜீப்பில் புறப்பட்டுப் போகிற வழியில் கடை முன்னால் இறங்கினார். மஜீதின் தோளைத் தட்டினார், வட்டலப்பத்தோடு சேர்த்துக் குடித்தீர்களா என்று கூட வந்த ஆத்மநாதனைக் கேட்கச் சொன்னார். ரொம்பத் திகட்டுகிற பண்டத்துக்கு அந்தப் பானம் கொஞ்சம் மெலிசாகத்தான் இருக்கும், ஆனால் வட்டலப்பத்துக்குச் சரியாக இருந்திருக்குமே என்றாராம். மஜீது சிரித்துத் தலையாட்டினார். ஆத்மநாதன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்.

"மிச்சம் இருந்தா பத்திரமா ஒளிச்சு வச்சுக்கங்க பாய். துரைக்குப் பெர்மிட் இருக்கு, ஒங்களுக்கு இல்ல. மதுவிலக்குக் கேஸு போட்டுருவாங்க."

ஜீப் போய்விட்டது. மஜீது கடையின் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். வெயிலில் மயக்கம் என்று நினைத்து யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நோன்பாளியாச்சே, பாவம் என்றார்கள். அந்தப் 'பாவம்' அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கே உடம்பு கூசுகிறது. அல்லாஹ்வின் வீட்டில், புனித மாதத்தில், ஒரு ஊரே நோன்பு திறக்க அவர் கையால் மது ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

அந்த வாரம்தான் பள்ளியில் தொழவைக்கிற ஹஜ்ரத் தன் பயான் பிரசங்கத்தில், குடித்தவனுடைய தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்கப்படாது என்று சொல்லியிருந்தார். மஜீது ஹஜ்ரத்தைத் தனியாகப் பார்த்து, வேறு ஏதோ ஊரில் நடந்த மாதிரி சுற்றி வளைத்துக் கேட்டார். அறியாமல் குடித்தவன் மேல் குற்றமில்லை, அறியாமல் கொடுத்தவனையும் அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹஜ்ரத் சொன்னார். வேறு ஆளாக இருந்தால் அந்தப் பதிலோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மஜீதுக்கு அது உதவவில்லை. மூக்கு சொல்லியும் கேட்காதவனுக்கு என்ன என்று அவர் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. காலிப் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிட்டு வந்தார்.

அன்று மாலையும் அண்டா போயாக வேண்டும். பழைய நன்னாரி சர்பத்தைக் கொண்டுபோனார். "நேத்து மாதிரி இல்லையே பாய்" என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த வருஷமும். மீமிசலிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் ஆள் தேடி வந்து, அந்தச் சர்பத் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் எந்தப் புகழுக்கு ஏங்கினாரோ அது வீடு தேடி வந்தது. அவர் கொல்லைப் பக்கமாக ஓடி ஒளிந்தார். குடிப்பவனின் தொண்டையைப் பார்த்து நிற்கிற பழக்கம் விட்டுப்போனது. முன் வரிசையில் தொழுதுகொண்டிருந்தவர் கடைசி வரிசைக்குப் போனார், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி. யார் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலோடு சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஊர் இதையெல்லாம் பார்த்து, மஜீது பாய்க்கு எவ்வளவு இறையச்சம், எவ்வளவு பணிவு என்று மெச்சியது. எங்கள் ஊருக்கு ஒரு மனுஷன் தலைகுனிந்து நடந்தால் போதும், உடனே நல்லவன் பட்டம் கொடுத்துவிடும்.

பட்டத்தோடு நிற்கவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்துப் பள்ளிவாசல் கமிட்டியில் ஓர் இடம் காலியானபோது, எல்லாரும் ஒரே வாயாக மஜீதின் பெயரைச் சொன்னார்கள். பெரிய மனுஷர்கள் வீட்டுக்கே வந்து, மறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். ரமீஜா அவர்களுக்கு டீ கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் பதில் சொல்கிறேன் என்று மஜீது அவர்களை அனுப்பிவைத்தார். ஏற்றுக்கொண்டால் அல்லாஹ்வின் வீட்டில் பொய்யனாக உட்கார வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

யாரிடமாவது சொல்லிவிட்டால்தான் மூச்சுவிட முடியும் என்று ஆகிவிட்டது. மோதினார் இப்ராஹிமைத் தேர்ந்தெடுத்தார். அன்று அவர் கையால் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தவர் என்பதால் முதல் மன்னிப்பு அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதோடு, ஏனோ தெரியவில்லை, அந்த நோன்புக்குப் பிறகு இப்ராஹிம் சர்பத் கடைப் பக்கமே வருவதில்லை. பள்ளியில் கண்டாலும் சலாமோடு சரி.

அஸர் முடிந்த பிறகு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தொட்டிக்குப் பக்கத்தில் இப்ராஹிம் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. மஜீது நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி வந்தது, கலர் என்று நினைத்தது, அண்டாவில் ஊற்றியது, மறுநாள் ஆத்மநாதன் சொன்னது. மூக்கு சொன்னதை மட்டும் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

இப்ராஹிம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் தெரியும் மஜீது. மொத வாய்லயே தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல சைகோன்ல பிரெஞ்சுக்காரன் ஓட்டல்ல மேசை தொடைச்சவன் நான். கறிக்குச் செவப்பு, மீனுக்கு வெள்ள, சாப்பாடு முடிஞ்சு இனிப்பு வரையில இது. கிளாசுல மிச்சம் கிடக்கும். அத யாரு குடிச்சான்னு நெனைக்கிற? அதுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு இங்கிட்டு வந்து அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செஞ்சு, இந்தப் பள்ளியில சேந்தேன்."

கிழவர் இன்னும் தலை நிமிரவில்லை.

"கீழ ஊத்தியிருக்கலாம். ஊரைக் கூப்பிட்டு, குடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டாவது டம்ளரு கேட்டேன். நீ தெரியாம ஊத்துன. நான் தெரிஞ்சு குடிச்சேன். அந்த வாயாலதான் இத்தனை வருசமா பாங்கு சொல்லிக்கிட்டுத் திரியுறேன்."

நீ தெரியாமல் ஊற்றினாய். அந்த வார்த்தையைக் கேட்டதும் மஜீதின் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இறங்கவிட்டிருக்கக் கூடாது. இல்லை மாமா, எனக்கும் வாசம் தெரிந்தது, தெரிந்துதான் கவிழ்த்தேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே போனார். வாயைத் திறக்கவில்லை. அழுதுகொண்டிருந்த கிழவரின் தோளைத் தொட்டு, அல்லாஹ் மன்னிப்பான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆறுதல் சொன்னாராம், ஆறுதல். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜும்ஆ முடிந்து கமிட்டிக்குச் சம்மதம் சொன்னார். தெரியாமல் செய்ததுதானே என்று மோதினாரே சொல்லிவிட்டார், இனி என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அன்று மாலை மஃரிபுக்கு வேறு ஒரு குரல் பாங்கு சொன்னது. மெலிந்த குரல், நடுவில் மூச்சு வாங்கியது. ரமீஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, மோதினார் மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். தொண்டை சரியில்லை, வயசாகிவிட்டது, இனி என்னால் ஆகாது என்று இப்ராஹிம் பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட்டாராம். புதிய கமிட்டியின் முன்னால் வந்த முதல் காரியமே வேறு மோதினாரைப் பார்ப்பதுதான். மற்றவர்கள் மஜீதின் முகத்தைப் பார்த்தார்கள். நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றார் அவர்.

அன்று ராத்திரி ரமீஜாவிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னார், மூக்கு சொன்னதையும் சேர்த்து. ரமீஜா சத்தம் போடவில்லை.

"அந்தக் கெழவருக்கு இது தெரியாதுல்ல. தான் ஒரு ஆளுதான் தெரிஞ்சு செஞ்சோம்னு நெனச்சுத்தானே ஒதுங்கிட்டாரு. நீங்களும் அறிஞ்சுதான் செஞ்சீங்கன்னு போயிச் சொல்லுங்க. அவருக்கு ஒரு தொணையாவது இருக்கும்."

விடிந்ததும் மஜீது போனார். இப்ராஹிமின் வீடு தெருக்கோடியில், ஓலை வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் நிழல் விழுந்ததும் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். இவரைச் சின்ன வயசிலிருந்து டேய் மஜீது என்று கூப்பிட்டுப் பழகியவர் பதறி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வீட்டில் இருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்தார்.

"வாங்க. கமிட்டிக்காரவுக என் வீடு தேடி வந்திருக்கீங்க. உக்காருங்க."

உட்கார மறுத்திருந்தால் சொல்லியிருக்க முடியும் என்று மஜீது பின்னால் ரமீஜாவிடம் சொன்னாராம். அவர் உட்கார்ந்தார். கிழவர் எதிரே நின்றுகொண்டே இருந்தார். புதுப் பையனின் பாங்கு பரவாயில்லையா, ஊர் ஏதாவது குறை சொல்கிறதா என்று விசாரித்தார். மஜீது பதில் சொன்னார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வீட்டுக்கு வந்தார்.